கைமாறும் மின்சாவி

நுழையும்முன்

வாடகை வீட்டில் குடியேறுவோர், வீட்டுச் சாவியைப் பெற்றவுடன் அவ்வீடு தம் பொறுப்புக்கு வந்துவிட்டதாகக் கருதுவர். பிரித்தானியாவின் பல வீடுகளில் அதனோடு மற்றொரு சாவியும் கைமாறுகிறது. அது கதவைத் திறப்பதன்று, மின்சாரத்தைத் திறப்பது. உயர்கல்விக்காகவும் பணிக்காகவும் அந்நாட்டுக்குச் செல்லும் தமிழர் பலர் வாடகை வீட்டிலேயே வாழ்வைத் தொடங்குகின்றனர். அச்சிறு சாவிக்குள் அடங்கிய கணக்கையும் அதனைப் பெறுவோரின் உரிமையையும் இப்பாடம் விளக்குகிறது.

முன்னரே செலுத்தும் முறை

தமிழ்நாட்டு வீடுகளில் மின்பயன்பாடு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. கட்டணம் அதன்பின் செலுத்தப்படுகிறது. முன்கட்டண முறை இதற்கு நேர்மாறானது. அலைபேசிக்கு முன்பணம் செலுத்துவதுபோல மின்சாரத்திற்கும் முன்னதாகவே பணம் செலுத்த வேண்டும். செலுத்திய தொகை மின்னளவியில் இருப்பாகப் பதிவாகும். மின்சாரத்தைப் பயன்படுத்தப் பயன்படுத்த அது குறையும். தீர்ந்தால் விளக்கு அணையும். பிரித்தானியாவில் ஏறத்தாழ 40 இலட்சம் வீடுகளில் இத்தகைய அளவிகள் உள்ளன. சமையலுக்கும் வீட்டை வெப்பப்படுத்துவதற்கும் பயன்படும் எரிவாயுவுக்கும் இம்முறை உண்டு. மின்சாரத்திற்குச் சாவியும் எரிவாயுவுக்கு அட்டையும் வழங்கப்படுகின்றன.

காசிலிருந்து சாவிக்கு

இம்முறை புதியதன்று. 1887-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிரவுன்ஹில் என்பார், காசு இட்டால் எரிவாயு வழங்கும் அளவிக்குக் காப்புரிமை பெற்றார். மொத்தமாகக் கட்டணம் செலுத்த இயலாத தொழிலாளர் குடும்பங்கள், ஒரு பென்னிக் காசை இட்டு அன்றைய சமையலுக்கு வேண்டிய எரிவாயுவைப் பெற்றன. பின்னாளில் ஷில்லிங் காசுகளை ஏற்கும் அளவிகள் வாடகை அறைகளில் பரவின. நிறைந்த காசுப் பெட்டிகளை ஊழியர்கள் வீடுதோறும் சென்று திறந்து எண்ண வேண்டியிருந்தது; திருட்டும் நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் காசுக்கு மாற்றாக மின்னணுச் சாவியும் அட்டையும் வந்தன. இன்று, தொலைவிலிருந்தே இயக்கத்தக்க திறன் அளவிகள் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன.

அளவியின் நினைவு

காசு அளவிக்கும் சாவி அளவிக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. காசுக்கு நினைவு இல்லை. அதை இட்டவர் யார் என்பதை அது அறியாது. சாவியோ செய்திகளைச் சுமந்து செல்கிறது. கடையில் செலுத்திய பணத்தை அளவிக்குக் கொண்டு சேர்ப்பதோடு, கட்டண வீத மாற்றத்தையும் திரும்பப் பெற வேண்டிய கடன் தொகையையும் அதுவே அளவிக்கு அறிவிக்கிறது. அளவியில் பதிவான பயன்பாட்டு விவரத்தை நிறுவனத்திற்கு மீண்டும் கொண்டு செல்வதும் அதுவே.

இங்குதான் புதிதாகக் குடியேறுபவருக்குச் சிக்கல் தொடங்குகிறது. வீட்டைவிட்டுச் சென்றவர் நிறுவனத்திற்குக் கடன்பட்டிருந்தால், அக்கடன் அவரோடு வெளியேறுவதில்லை, அளவியிலேயே தங்கிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, முன்பு குடியிருந்தவரின் கடன் 120 பவுண்டு எனவும், வாரந்தோறும் 5 பவுண்டு பிடித்தம் செய்யுமாறு அளவி அமைக்கப்பட்டுள்ளது எனவும் கொள்வோம். புதியவர் பழைய சாவியிலேயே பணம் செலுத்தி வந்தால், 24 வாரங்களில் அக்கடன் முழுவதையும் தாம் அறியாமலேயே அடைத்திருப்பார். ஒரு விளக்கும் ஏற்றாத நாள்களிலும் இருப்பு குறைவதைக் கண்டு அவர் திகைக்கக்கூடும்.

இருப்பு குறைவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மின்சாரத்தைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நாள்தோறும் நிலைக்கட்டணம் கழிக்கப்படும். வீடு பூட்டிக்கிடந்த நாள்களுக்கும் அது சேர்ந்துகொண்டே போகும். ஒருவர் வெளியேறி மற்றொருவர் குடியேறும் வரையிலான இடைக்காலத்துக்கு வீட்டு உரிமையாளரே பொறுப்பு. ஆயினும், அளவி இவர் அவர் என வேறுபாடு காண்பதில்லை. அடுத்துச் செலுத்தப்படும் பணத்திலிருந்து அதனைக் கழித்துக்கொள்ளும்.

குடியேறும் நாளில்

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. ஒருவரின் வாடகைக் காலம் தொடங்கும் நாளிலிருந்தே அவரது கட்டணப் பொறுப்பும் தொடங்குகிறது. முன்பிருந்தவரின் கடன் அவரைச் சாராது. எனினும், ஆள் மாறிய செய்தி அளவிக்குத் தானாகத் தெரியாது. அதனை அறிவிக்க வேண்டியவர் புதிதாகக் குடியேறியவரே.

எனவே, முதல் நாளிலேயே அளவி காட்டும் எண்களை நாளும் நேரமும் விளங்குமாறு ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். அளவியின் எண், எஞ்சிய இருப்பு, கடன் ஆகியவற்றைக் காட்டும் திரைகளையும் பதிவு செய்தல் நலம். அடுத்து, அவ்வீட்டிற்கு மின்சாரம் வழங்கும் நிறுவனம் எது என்பதை வீட்டு உரிமையாளரிடமோ அப்பகுதியின் மின்பகிர்மான நிறுவனத்திடமோ கேட்டறியலாம். அந்நிறுவனத்திற்குத் தம் பெயரையும் குடியேறிய நாளையும் அளவியின் எண்களையும் தெரிவித்துப் புதிய சாவியைக் கோர வேண்டும். புதிய சாவியை அளவியில் செருகும்போது பழைய கடனை நீக்கும் ஆணையும் அதன்வழியே சென்று சேரும்.

புதிய சாவி கிடைக்கும்வரை பழைய சாவியில் பணம் செலுத்தாதிருப்பதே நன்று. மின்சாரம் அறவே இல்லாத வீடாக இருப்பின், அந்நிலையை நிறுவனத்திடம் தெளிவாகக் கூறுதல் வேண்டும். அருகிலுள்ள கடையிலேயே புதிய சாவியைப் பெறுவதற்குப் பல நிறுவனங்கள் வழிசெய்கின்றன. பழைய சாவியைப் பயன்படுத்தியே தீர வேண்டிய சூழலில் சிறு தொகையை மட்டும் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பாதுகாக்க வேண்டும். பிறர் கடனுக்குச் சென்ற தொகையை, வாடகை ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டித் திரும்பக் கோரலாம். திறன் அளவி உள்ள வீட்டிலும் இதே அறிவிப்பு தேவை. ஆனால், கடன் நீக்கமும் வீத மாற்றமும் தொலைவிலிருந்தே செய்யப்படும்.

| தெரியுமா?
| வீட்டு உரிமையாளர் தாமே மின்சாரத்தை வாங்கித் தனி அளவி வழியாகக் குடியிருப்போருக்கு விற்பதும் பிரித்தானியாவில் உண்டு. அவ்வாறு விற்கும்போது தாம் வாங்கிய விலைக்கு மேல் பெறுதல் கூடாது என்பது விதி.

இருப்பு தீர்ந்தால்

இருப்பு தீரும் தறுவாயில் உதவ நெருக்கடிக் கடன் என்னும் ஏற்பாடு உள்ளது. பொதுவாக 5 அல்லது 10 பவுண்டு அளவுக்கு மின்சாரத்தை இதன்வழிப் பெறலாம். அடுத்த முறை செலுத்தும் பணத்திலிருந்து அது கழிக்கப்படும். முன்பிருந்தவர் இதனைப் பயன்படுத்திவிட்டுச் சென்றிருந்தால் அச்சுமையும் அளவியில் காத்திருக்கும். இரவு நேரத்திலும் வார இறுதியிலும் இருப்பு தீர்ந்தாலும் மின்சாரம் நிற்காதவாறு மற்றோர் ஏற்பாடும் உண்டு. நெருக்கடிக் கடனையும் இந்நேரப் பாதுகாப்பையும் வழங்குவது 2020 டிசம்பர் முதல் நிறுவனங்களின் கடமையாக்கப்பட்டது.

இக்கடமை தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிக்க, மற்ற வீடுகளில் நிறுவனம் முன்னறிவிப்பு அளிக்க வேண்டும். பல படிகளைக் கடக்க வேண்டும். முன்கட்டண வீட்டிலோ அறிவிப்புமில்லை. துண்டிக்க வருவாரும் இல்லை. கையில் பணமில்லாத நாளில் விளக்கு தானே அணைகிறது. குளிர்காலத்தில் வீடு தானே உறைகிறது. வெளியிலிருந்து காண்போருக்கு அது ஒருவர் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதாகவே தோன்றும்.

சட்டத்தின் துணை

கடன்பட்ட வீடுகளுக்குள் நீதிமன்ற ஆணையுடன் நுழைந்து முன்கட்டண அளவியைப் பொருத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நலிந்தோர் வீடுகளிலும் அவ்வாறு செய்யப்பட்டமை வெளிப்பட்டுக் கடும் எதிர்ப்பு எழவே, 2023 பிப்ரவரியில் அப்பணியை நிறுத்துமாறு ஆஃப்ஜெம் என்னும் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளிலும், துணையின்றி வாழும் 75 வயதைக் கடந்த முதியோர் வீடுகளிலும் அளவியைக் கட்டாயமாகப் பொருத்த அவை தடை விதித்தன. முன்கட்டணம் செலுத்துவோர் மற்றவர்களைவிடக் கூடுதல் விலை கொடுத்துவந்த நிலையும் 2023 ஜூலையில் மாற்றப்பட்டது. நிறுவனத்திற்கு நேரடியாகக் கட்டணம் செலுத்தும் வாடகைதாரர், தாம் விரும்பும் நிறுவனத்தைத் தேர்ந்துகொள்ளவும் உரிமை பெற்றுள்ளார்.

அறிவே காப்பு

முன்கட்டண முறையில் நன்மை இல்லாமல் இல்லை. செலவு கண்முன்னே தெரிகிறது. எதிர்பாராத பெருந்தொகைக்கு இடமில்லை. ஆனால், நாளைய மின்சாரத்திற்கு இன்றே பணம் கொடுப்பவர், இழப்பு நேராவண்ணம் நிறுவனத்தையே காக்கிறார். அவ்வாறு காப்பவருக்குத் தம் கணக்கு தெளிவாகவும் நேர்மையாகவும் இருத்தல் வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு.

இவ்வுரிமை பிரித்தானியாவுக்கு மட்டும் உரியதன்று. இந்திய ஒன்றிய அரசு 2021-இல் அறிவித்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம், 25 கோடி முன்கட்டணத் திறன் அளவிகளைப் பொருத்தும் இலக்கைக் கொண்டது. வாடகை வீடுகள் கைமாறும் இடமெங்கும் அளவியின் கணக்கும் உடன் கைமாறும். வீட்டில் பால் காய்ச்சும் முன், அளவியின் எண்களை ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்வது, பிறர் கடனைத் தாம் சுமவாதிருக்கும் எளிய வழியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு மின்னளவியில் தோன்றும் எண்களை ஒரு வாரம் குறித்து, நாள்தோறும் ஆன பயன்பாட்டைக் கணக்கிடுக.
2. புதிதாகக் குடியேறிய வீட்டின் பழைய மின்கடனை நீக்கக் கோரி, மின்வழங்கு நிறுவனத்திற்கு விண்ணப்பம் எழுதுக.
3. 'முன்கட்டண முறை: வசதியா, சுமையா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.