சேலம், நாமக்கல் ஊர்ப்பெயர்த் தரவுத்தளம்: தேர்வும் நிறுவுதலும்

ஆய்வுச் சுருக்கம்

ஊர்ப்பெயர் ஆய்வாளர் தாமே உருவாக்கும் சிறிய இணையதளத்திற்கு எத்தகைய தரவுத்தளம் பொருந்தும், அதில் தமிழ்ப் பெயர்களை எவ்வாறு பதிய வேண்டும், வழங்கியில் எவ்வாறு நிறுவ வேண்டும் என்பனவற்றைச் சேலம், நாமக்கல் மாவட்ட ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயர், தரவுத்தளம், ஒருங்குறி, அகரவரிசை, சேலம், நாமக்கல்.

முன்னுரை

களஆய்வில் திரட்டிய பெயர்களை இணையத்தில் வெளியிடும்போது ஆய்வாளருக்குப் புதிய பொறுப்பு ஒன்று சேர்கிறது. தேடலில் ஒரு பெயர் அகப்படவில்லையெனில் அது வழக்கில் இல்லை என்றே பயனர் கருதுவார். பதிவில் இருந்தும் அப்பெயர் அகப்படாமற் போனால், பிழையான ஆய்வு முடிவிற்கு அத்தளமே காரணமாகிவிடும்.

தரவின் அமைப்பு

மென்பொருளைத் தேர்வதற்கு முன் அட்டவணைகளை வரையறுத்தல் வேண்டும். இன்றைய திருச்செங்கோடு தேவாரத்தில் கொடிமாடச் செங்குன்றூர் என வழங்கப்பெறுகிறது. அவ்வூர் 1996 வரை சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி 1 முதல் தனித்து இயங்கத் தொடங்கியபின் அதன்பாற்பட்டது. தருமபுரியும் 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியே. எனவே ஓர் ஊருக்கு ஒரு பெயர், ஒரு மாவட்டம் என்னும் ஒற்றை அட்டவணை பழைய சான்றுகளோடு முரண்படும்.

இதற்கு மூன்று அட்டவணைகள் போதுமானவை. முதலாவது, ஊருக்குரிய மாறாத அடையாள எண்ணும் அமைவிடமும். இரண்டாவது, அவ்வெண்ணோடு இணைந்த பெயர்வழக்குகளும் அவற்றின் சான்றுகளும். மூன்றாவது, நிருவாகப் பிரிவும் அதன் தொடக்க, இறுதி ஆண்டுகளும்.

மென்பொருள் தேர்வு

சில ஆயிரம் பெயர்களைக் கொண்டு, ஒருவரோ இருவரோ பதிவு செய்யும் தளத்திற்கு எஸ்க்யூலைட் போதுமானது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இம்மென்பொருள் முழுத் தரவுத்தளத்தையும் ஒரே கோப்பில் வைக்கிறது. தனி வழங்கி நிரலோ கடவுச்சொல் அமைப்போ தேவையில்லை. தரவுத்தொகுதிகளைப் பாதுகாக்க அமெரிக்கக் காங்கிரசு நூலகம் பரிந்துரைக்கும் வடிவங்களுள் இதுவும் ஒன்று. ஆயின் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இதில் எழுத இயலும். பல கல்லூரிகளிலிருந்து பலர் ஒரே வேளையில் பதிவு செய்யும் திட்டங்களுக்கு மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆகியவை பொருந்தும்.

மைஎஸ்க்யூஎல்லில் 8.0 பதிப்பிற்கு முன் இயல்பான குறியேற்றம் இலத்தீன் எழுத்துகளுக்குரியதாக இருந்தது. அப்பதிப்புகளில் யுடிஎஃப்8எம்பி4 என்னும் குறியேற்றத்தை வெளிப்படையாகக் குறிப்பிடாவிடின் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். அவ்வாறு மாறியவற்றை மீட்க இயலாது.

எழுத்தும் தேடலும்

‘கொல்லிமலை’ என்னும் பெயரின் முதலெழுத்தை ஒருங்குறியில் இருவகையாகப் பதியலாம். ஒகரக்குறியை ஒரே குறியீடாக இடுவது ஒருவகை. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. எஸ்க்யூலைட் பைட்டுகளை ஒப்பிடுவதால் அவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். ‘திருச்செங்கோடு’ என்பதற்கும் இது பொருந்தும். பதியும்போதும் தேடும்போதும் உரையை என்எஃப்சி என்னும் இயல்பாக்க வடிவத்திற்கு மாற்றுவதே இதற்குத் தீர்வு.

அகரவரிசையிலும் சிக்கல் உண்டு. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. அதனால் பனமரத்துப்பட்டி, பரமத்தி, பள்ளிபாளையம் என இயல்பு வரிசை அமைகிறது. தமிழ் அகராதி முறைப்படி பனமரத்துப்பட்டி இறுதியில் வரவேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஐசியு நூலகத்தின் தமிழ் வரிசைமுறையைப் பயன்படுத்தலாம். எஸ்க்யூலைட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் அகராதி வரிசை எண் தந்து, அவ்வெண்தொடரைத் தனி நிரலில் சேமித்து, அதன்வழி வரிசைப்படுத்தலாம்.

நிறுவுதல்

தரவுத்தளக் கோப்பை இணையப் பக்கங்கள் உள்ள பொதுக் கோப்புறையில் வைத்தல் கூடாது. முகவரியை ஊகிப்பவர் எவரும் அதனைத் தரவிறக்கிவிடலாம். சில மேகக்கணினிச் சேவைகளில், குறிப்பாகக் கட்டணமற்றவற்றில், தளத்தைப் புதுப்பிக்கும்போது உள்வட்டிலுள்ள கோப்புகள் அழிந்துவிடும். நிலையான சேமிப்பிடம் உண்டா என்பதை முன்னரே உறுதிசெய்தல் வேண்டும்.

எழுதுதல் நிகழும்போது கோப்பை நேரடியாகப் படியெடுத்தால் படி சிதையக்கூடும். எஸ்க்யூலைட்டின் காப்புக் கட்டளையைப் பயன்படுத்துவதே முறை. காப்புப்படியை வேறொரு கணினியில் திறந்து, பதிவுகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தபின்னரே அதனை நம்பலாம். பயனர் தட்டச்சிடும் தேடுசொல்லை வினவல் தொடரோடு ஒட்டாமல் அளபுருவாகச் செலுத்துதல் தரவைத் தீய ஊடுருவலிலிருந்து காக்கும்.

முடிவுரை

சிறிய தளத்தில் மென்பொருளைப் பின்னர் மாற்றிக்கொள்ள இயலும். ஒரு நாள் பணியே அது. சான்று குறிக்கப்படாத பெயரையும், ஆண்டு குறிக்கப்படாத மாவட்டத்தையும் பின்னர்ச் சீர்செய்ய மீண்டும் களத்திற்கே செல்ல நேரும். ஆதலின் ஆய்வாளர் தம் உழைப்பின் பெரும்பகுதியை அட்டவணை அமைப்பிலும் எழுத்து இயல்பாக்கத்திலும் செலவிடுதல் நலம். ஐம்பது ஊர்ப்பெயர்களைக் கொண்டு தேடலையும் வரிசையையும் சோதித்தபின் முழுத் தொகுப்பையும் ஏற்றுதல் தக்கது.