காந்தள் கற்பிக்கும் பாடம்
(இளம் அறிவியல் உயிரியல் வகுப்புகளில் பயில்வன குறித்து)

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் முதலாண்டு மாணவர்க்குப் பகுதி ஒன்று தமிழ் வகுப்பெடுக்கச் செல்லும்போது, அவரவர் துறையைக் கேட்டறிவது நம் வழக்கம். வணிகவியல் மாணவர் நிமிர்ந்து விடை கூறுவர். கணிப்பொறி அறிவியல் மாணவர் முகமலர்ச்சியோடு கூறுவர். தாவரவியல், விலங்கியல் மாணவருள் சிலரோ துறையின் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, நாம் கேளாமலேயே ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்வர்: "மெடிக்கல் கிடைக்கவில்லை, ஐயா."

தமிழகத்தில் மருத்துவச் சேர்க்கைக்கு 2017ஆம் ஆண்டு முதல் நீட் தேர்வு நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்னர் வேறு முறைகள் இருந்தன. முறைகள் மாறினும் இந்த விடை மாறவில்லை. இம்மாணவருள் சிலர் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு மறுமுறை தேர்வெழுதச் செல்கின்றனர். அவருள் வெற்றி பெறுவோரைக் கண்டு நாம் மகிழ்கிறோம். நம் கவலை எஞ்சியிருப்போரைப் பற்றியது. உடல் வகுப்பிலும் உள்ளம் வேறிடத்திலுமாக இரு பருவங்களைக் கழித்துவிட்டு, மூன்றாம் பருவத்தில் விழித்தெழுவோர் பலர். அதற்குள் அடித்தளப் பாடங்கள் முடிந்துவிடுகின்றன.

இந்நிலைக்குத் தலையாய காரணம், தாம் எதைப் பயிலப்போகிறோம் என்பதை அவர்கள் அறியாமையே. அறியாத ஒன்றை எவ்வாறு விரும்ப இயலும்? பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் "இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று வினவும்போது, விடை கூற அம்மாணவருக்கு வழியில்லை. உயிரியல் துறையினர் அல்லேமாயினும், அத்துறை நண்பர்களிடம் கேட்டும் மாணவரிடம் கற்றும் நாம் அறிந்தவற்றை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

படிப்பின் அமைப்பு

இளம் அறிவியல் பட்டப்படிப்பு மூன்றாண்டுகள், ஆறு பருவங்கள் கொண்டது. தமிழகப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் பொதுவாக ஐந்து பகுதிகள் உண்டு. பகுதி ஒன்று தமிழ் அல்லது மாணவர் தேர்ந்துகொள்ளும் பிறிதொரு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்று முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். விலங்கியல் மாணவருக்கு வேதியியலும் தாவரவியலும், தாவரவியல் மாணவருக்கு வேதியியலும் விலங்கியலும் சார்புப் பாடங்களாக அமைவது பெருவழக்கு. சுற்றுச்சூழல் கல்வி, திறன் வளர்க்கும் பாடங்கள் முதலியன பகுதி நான்கில் அடங்கும். நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகள் பகுதி ஐந்தில் அடங்கும்.

முதன்மைப் பாடங்களின் பட்டியலைப் படித்தால் அவை தனித்தனிப் பெட்டிகளாகவே தோன்றும். வகைப்பாட்டியல், உள்ளமைப்பியல், உடற்செயலியல், உயிர்வேதியியல், உயிரணுவியல், மரபியல், சூழலியல், பரிணாமம் என அப்பட்டியல் நீளும். உண்மையில் இவை ஓர் உயிரை நோக்கிக் கேட்கப்படும் வெவ்வேறு வினாக்களே ஆகும். இதனை விளக்கத் தமிழர் நன்கறிந்த மலர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அது குறிஞ்சி நிலத்துச் செங்காந்தள். சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமையாக்கிய இம்மலரே இன்று தமிழ்நாட்டின் மாநில மலராகும்.

முதலாம் ஆண்டு: காணலும் பெயரிடலும்

முதலாண்டு மாணவர் கேட்கும் வினா, "இது யாது? இதன் உறவினர் யாவர்?" என்பது. பாசி, பூஞ்சை, மாசி, பெரணி, திறந்தவிதைத் தாவரம், பூக்கும் தாவரம் என எளிமையினின்று சிக்கல் நோக்கி அவர் நடக்கிறார். பூக்கும் தாவரங்களுள் காந்தளைக் கையிலெடுத்தால், இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டிருப்பதைக் காண்கிறார். இதழ்கள் ஆறும் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. சூலகத்தண்டோ அடியிலேயே ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கி, மகரந்தப்பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீள்கிறது. இவற்றைப் பார்த்து வரைந்து குறிப்பெடுத்த பின்னரே பெயர் வருகிறது. குளோரியோசா சூப்பர்பா என்னும் அறிவியல் பெயரை இதற்கு 1753இல் சூட்டியவர் லின்னேயஸ்.

அடுத்தது குடும்பம். 1862 முதல் 1883 வரை வெளிவந்த பெந்தம், ஹூக்கர் ஆகியோரின் வகைப்பாட்டில் இச்செடி லில்லிக் குடும்பத்தைச் சார்ந்தது. மரபணுச் சான்றுகளை அடிப்படையாகக் கொண்ட இன்றைய வகைப்பாட்டிலோ கால்சிகேசி என்னும் வேறொரு குடும்பத்தில் வைக்கப்பெறுகிறது. சான்று மாறினால் முடிவும் மாறும் என்பதை மாணவர் முதன்முதலாக உணருமிடம் இதுவாகும்.

உயிர்களைப் பகுத்துக் காணல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்து, புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர் என்கிறது. இன்றைய வகைப்பாட்டியல் அதுவே என்று கூறுவது மிகையாகும். ஆயினும் செடிக்குத் தொடுவுணர்வு உண்டு என்ற கூற்று, கொழுகொம்பைத் தொட்டவுடன் வளைந்து பற்றும் காந்தளின் இலைநுனியைக் காணும் மாணவருக்கு வெறும் ஏட்டுச் செய்தியாக நில்லாது.

இரண்டாம் ஆண்டு: உள்ளே நடப்பது

"இது எவ்வாறு வாழ்கிறது?" என்பது இரண்டாம் ஆண்டின் வினா. தண்டைக் குறுக்காக மெல்லிய சீவலாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, நீர் ஏறும் குழாய்களையும் உணவு செல்லும் குழாய்களையும் காண்பது உள்ளமைப்பியல். இலை ஒளியை உணவாக்கும் வகையை ஆராய்வது உடற்செயலியல். செடியுள் உருவாகும் வேதிப்பொருள்களை ஆராய்வது உயிர்வேதியியல்.

காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கால்சிசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. கலப்பை வடிவிலான இக்கிழங்கைக் கலப்பைக் கிழங்கு என்றும் கண்வலிக் கிழங்கு என்றும் மக்கள் வழங்குவர். அதனை உண்டால் உயிருக்கே கேடு. அதே பொருள், மருத்துவர் வகுத்த அளவில், கௌட் எனப்படும் மூட்டுநோய்க்கு மருந்தாகிறது. நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையே நிற்பது அளவே என்னும் பாடத்தைச் செடி ஒன்று கற்பிக்கிறது.

உயிரணுவியல் வகுப்பு இப்பொருள் வேலை செய்யும் விதத்தை விளக்குகிறது. வெங்காய வேர்நுனியை அசெட்டோகார்மைன் சாயத்தில் இட்டு நசுக்கி நோக்கினால், பிளவுறும் உயிரணுக்களில் 16 குரோமோசோம்கள் தென்படும். அவற்றை இருபுறமும் இழுத்துச் செல்வது நுண்ணிய கதிர் இழைகள். கால்சிசின் அவ்விழைகள் உருவாகாமல் தடுத்துவிடுகிறது. குரோமோசோம்கள் இரட்டித்தும் பிரிய இயலாமல் ஒரே அணுவில் தங்கிவிடுகின்றன.

மூன்றாம் ஆண்டு: மரபும் சூழலும் பயனும்

"இது எவ்வாறு இவ்வாறாயிற்று? இனி என்னவாகும்?" என்பவை இறுதியாண்டின் வினாக்கள். மரபியல், பரிணாமம், சூழலியல், பயிர்ப்பெருக்கம், உயிரித் தொழில்நுட்பவியல் ஆகியன இங்கு இடம்பெறும். குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்யும் கால்சிசினின் இயல்பு 1937இல் வெளிப்பட்டபின், அது பயிர்ப்பெருக்க அறிஞர்தம் கருவியாயிற்று. அதனைக் கையாண்டவருள் ஒருவர் ஜானகி அம்மாள். 1897இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் பயின்றவர். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றியவர். 1945இல் டார்லிங்டனோடு இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விவர நூலை வெளியிட்டவர். பின்னர் இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்தில் மக்னோலியாச் செடிகளில் கால்சிசினைப் பயன்படுத்தி ஆய்ந்தார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா இன்றும் உண்டு.

காந்தள் நம் உழவரின் பயிரும் ஆகும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காக இது பயிரிடப்படுகிறது. பூக்கும் பருவத்தில் உழவர் காலை வேளையில் ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கின்றனர். ஏன் இந்த உழைப்பு? முதலாண்டில் மாணவர் வரைந்த படத்தில், சூலகத்தண்டு மகரந்தப்பையை விட்டு விலகி வளைந்திருந்ததே, அதுதான் விடை. வேறொரு பூவின் மகரந்தத்தைப் பெறுவதற்கேற்ற அமைப்பு அது. வண்ணத்துப்பூச்சி முதலியன போதிய அளவில் வாராவிடத்து மனிதக்கை வேண்டியதாகிறது. வடிவமும் சூழலும் வேளாண்மையும் ஒரே மலரில் இணைவதை இங்குக் காண்கிறோம்.

விலங்கியல் மாணவர் பயில்வன

விலங்கியலும் இவ்வரிசையிலேயே செல்கிறது. முதுகெலும்பற்றன, முதுகுநாணுள்ளன என்னும் இருபெரும் பிரிவுகளில் தொடங்கி, உடற்செயலியல், கருவியல், நோய்த்தடுப்பியல், மரபியல் என விரிகிறது. முட்டைக்குள் கோழிக் கருவின் இதயம் உருவாவதை மணிக்கணக்கில் வகுத்துக் காண்கின்றனர். தாமஸ் ஹண்ட் மார்கன் 1910இல் வெண்கண் பழ ஈயைக் கொண்டு தொடங்கிய ஆய்வின் வழியே, மரபுக்காரணிகள் குரோமோசோமில் அமைந்திருப்பதை அறிகின்றனர். மீன், இறால், தேனீ, பட்டுப்புழு வளர்ப்பும் பாடமாகின்றன.

தவளையையும் எலியையும் அறுத்துப் பயின்ற காலம் இன்றில்லை. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை அறுத்துப் பயிலும் முறையை நிறுத்தப் பணித்தது. கணிப்பொறிப் படங்களும் மாதிரி உருவங்களும் அவ்விடத்தைப் பெற்றன. இதனால் களப்பயணத்தின் இன்றியமையாமை கூடியுள்ளது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. அத்தீவுகளுள் ஒன்றாகிய குருசடையின் பெயரை விலங்கியல் மாணவர் நன்கறிவர். முதுகெலும்பற்றவற்றுக்கும் முதுகுநாணுள்ளவற்றுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் பலனோகிளாசஸ் வகைப் புழு அங்குள்ள மணலில் வாழ்வதே காரணம்.

மொழி என்னும் தடை

தமிழ்வழியில் பயின்று வரும் மாணவரை முதல் பருவத்தில் அச்சுறுத்துவது பாடப்பொருளன்று, கலைச்சொற்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் பயிற்றினார். உடற்கூற்று நூல்களும் தமிழாயின. ஆகவே தமிழால் இயலாது என்பது பொருந்தாக் கூற்று. ஒவ்வொரு சொல்லையும் பொருளறிந்து தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் தம் குறிப்பேட்டில் எழுதிவரும் மாணவர் இரண்டாம் பருவத்திலேயே அச்சம் நீங்கியிருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

பட்டம் பெற்ற பின்

பெற்றோர்க்கு நாம் மெய்யைச் சொல்லவேண்டும். இப்பட்டம் ஒருவரை மருத்துவராக்காது. மூன்றாண்டுப் படிப்பு மட்டுமே நல்ல பணியைத் தந்துவிடும் என்று கூறுவதும் பொருந்தாது. இது ஓர் அடித்தளம். இதன்மேல் முதுநிலைப் படிப்பும் ஆய்வும் எழுப்பலாம். கல்வியியல் பயின்று ஆசிரியராகலாம். ஆய்வுக்கூட நுட்பப் பட்டயம் பெற்று மருத்துவமனைகளில் பணியாற்றலாம். இந்திய வனப்பணித் தேர்வெழுதத் தகுதி தரும் பட்டங்களுள் தாவரவியலும் விலங்கியலும் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் விலங்கியலில் முதற்பட்டம் பெற்றவர். 1943இன் வங்கப் பஞ்சம் அவர் உள்ளத்தை உழவின்பால் திருப்பிற்று. கோயம்புத்தூரில் வேளாண்மை பயின்றார். 1987இல் உலக உணவுப் பரிசின் முதலாமவராக விளங்கினார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிஞ்சித்திணைப் பாடலை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தோம். காந்தள் விரலுக்கு உவமை என்று கூறியபோது பின்வரிசையில் ஒரு மாணவர் எழுந்தார். முதல் நாளில் "மெடிக்கல் கிடைக்கவில்லை" என்றவர் அவர். "ஐயா, அந்தப் பூவில் சூலகத்தண்டு ஏன் வளைந்திருக்கிறது என்று சொல்லட்டுமா?" என்று கேட்டுக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அப்பாடலைப் பல்லாண்டுகள் நடத்திய நாம் அம்மலரை அன்றுதான் முழுமையாகக் கண்டோம். அவர் குரலில் முதல் நாளின் தாழ்வு இல்லை.

மாணவச் செல்வங்களே! கிடைக்காத ஒன்றை எண்ணி, கிடைத்திருக்கும் மூன்றாண்டுகளையும் இழந்துவிடாதீர்கள். மறுமுறை தேர்வெழுத விழைவோரும் எழுதுக; ஆயின் வகுப்பில் இருக்கும் நாளில் வகுப்பிலேயே இருங்கள். பெரியோர்களே! அடுத்தமுறை உங்கள் இல்லத்துப் பிள்ளையிடம் "என்ன ஆகப்போகிறாய்?" என்று வினவுவதற்கு முன், "இன்று நுண்ணோக்கியில் என்ன பார்த்தாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். அவ்வினாவிற்கு அப்பிள்ளையிடம் விடை இருக்கும்.