கடன் எப்போது இரட்டிப்பாகும்? மடக்கை சொல்லும் விடை

நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் பயிலும் மாணவர்கள் பலருக்கு மடக்கை என்றாலே மிரட்சி. "இது வாழ்க்கைக்கு எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. கடன் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய ஒரு கேள்விக்கு அது விடை தருகிறது என்பதே என் பதில்.

முதலில், மடக்கை என்றால் என்ன? ஐந்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 32. ஆகவே, 2-ஐ அடிமானமாகக் கொண்டால் 32-இன் மடக்கை 5. எத்தனை முறை பெருக்க வேண்டும் என்பதைச் சொல்வதுதான் மடக்கை.

ஒருவர் 1,000 ரிங்கிட் கடன் வாங்குகிறார். மாத வட்டி 1.5 விழுக்காடு. அவர் எதையும் திருப்பிச் செலுத்தவில்லை. வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போகிறது. அதாவது, கடன் மாதந்தோறும் 1.015 மடங்காகிறது. அது எப்போது 2,000 ரிங்கிட்டாகும்? 1.015-ஐ அடிமானமாகக் கொண்டு 2-இன் மடக்கையைக் கண்டால் போதும்.

கணிப்பானில் 1.015-க்கு எனத் தனிப் பொத்தான் கிடையாது. காசியோ எஃப்எக்ஸ்-570எம்எஸ் போன்றவற்றில் 'லாக்', 'எல்என்' என்ற இரண்டே உண்டு. லாக்கின் அடிமானம் 10. ஹென்றி பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1617-இல் அட்டவணையாக வெளியிட்டது இந்த வகை மடக்கையைத்தான். எல்என்னின் அடிமானம் ஏறத்தாழ 2.718.

கவலை வேண்டாம். இரண்டில் எதுவானாலும் போதும். 2-இன் லாக்கை 1.015-இன் லாக்கால் வகுத்துவிடுங்கள்:

லாக் 2 ÷ லாக் 1.015 = 46.56

எல்என் பொத்தானை அழுத்தினாலும் இதே விடைதான். காரணம் எளிது. 1.015-இன் அடுக்கு 'எ' என்பது 2 எனக் கொள்வோம். இரு பக்கமும் லாக் எடுத்தால், அடுக்கு கீழே இறங்கி, 'எ' பெருக்கல் லாக் 1.015 என்பது லாக் 2 ஆகிறது. இனி வகுத்தல் மட்டுமே மிச்சம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். 2-ஐ 1.015-ஆல் வகுத்துவிட்டு லாக் எடுக்காதீர்கள். அது வேறு கணக்கு. சில கணிப்பான்கள் தாமாகவே அடைப்புக்குறியைத் திறக்கும். அதை மூடிய பிறகே வகுத்தல் பொத்தானை அழுத்துங்கள். அடுத்து, இடையில் எண்ணைச் சுருக்காதீர்கள். லாக் 1.015 என்பது 0.006466. அதை 0.006 என்று எழுதினால் விடை 50-ஐத் தாண்டிவிடும்.

விடையைச் சரிபார்க்கவும் வழியுண்டு. 1.015-இன் அடுக்கு 46.56 என்று அழுத்துங்கள். ஏறத்தாழ 2 வந்தால் கணக்கு சரி.

ஆக, நான்கு ஆண்டுகள் முடியும் முன்பே, 47-ஆம் மாத முடிவில் கடன் இரட்டிப்பைத் தாண்டிவிடுகிறது. மும்மடங்காக? லாக் 3 ÷ லாக் 1.015 = 73.79. முதல் ஆயிரம் கூட ஏறத்தாழ 47 மாதங்கள்; அடுத்த ஆயிரம் கூட வெறும் 27 மாதங்கள்!

பெற்றோர்களே, கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், உங்கள் பிள்ளையின் கணிப்பானைக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். இந்தக் கணக்கை இருவருமாகச் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.