கல்வெட்டுத் தேடலில் வார்ப்புருப் பொறியின் உள்ளமைவு: சோலர் – வெலாசிட்டி இணைப்பை முன்வைத்து

திறவுச்சொற்கள்: கல்வெட்டுத் தரவகம், தேடுபொறி, வார்ப்புரு, உள்ளமைவு, பதிப்பு நெறி, பாகூர்

முன்னுரை

கரிக்கலாம்பாக்கத்திற்கு அண்மையிலுள்ள பாகூர், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேட்டில் ‘வாகூர்’ எனப்படுகிறது. அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்விக் கூடத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதை வடமொழியிலும் தமிழிலும் அச்செப்பேடு கூறுகிறது. இன்றைய பெயரை மட்டும் அறிந்த ஒருவர் மூலபாடங்கள் அடங்கிய கணினித் தரவகத்தில் ‘பாகூர்’ என உள்ளிட்டால் ‘முடிவுகள் எவையுமில்லை’ என்னும் விடையே கிடைக்கக்கூடும். ஊர் இல்லை என்று அவ்விடை சொல்கிறதா, உள்ளிட்ட சொல்வடிவம் இல்லை என்று சொல்கிறதா என்பதைத் திரையைக் கொண்டு அறிய இயலாது.

திரையில் என்ன தோன்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது வார்ப்புரு. தமிழாய்வாளர் தரவுகளைத் திரட்டித் தந்துவிட்டு, வார்ப்புருவைக் கணினி வல்லுநரின் பொறுப்பில் விட்டுவிடுவதே பெருவழக்கு. கல்வெட்டுத் தரவகத்தைப் பொறுத்தவரை அவ்வாறு விடத்தக்கது அன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. அச்சுநூலில் பதிப்பாசிரியர் எடுக்கும் முடிவுகளில் பாதியை இங்கு வார்ப்புருவே எடுக்கிறது.

பாகூர் குப்புசாமி தொகுக்க, கோ. விசயவேணுகோபால் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியும் இணைந்து வெளியிட்ட புதுச்சேரிக் கல்வெட்டுகளின் முதற்பகுதி 2006-இல் வந்தது. அத்தகைய பதிப்புகளிலிருந்து சில பாடங்களைத் தட்டச்சு செய்து, சோலர் எட்டாம் பதிப்பில் ஏற்றி, இக்கட்டுரையாளர் தம் கணினியில் செய்து பார்த்தவற்றின் அடிப்படையிலேயே பின்வருவன சொல்லப்படுகின்றன.

இரு பொறிகள்

சோலர் ஜாவா மொழியில் எழுதப்பட்ட தேடுபொறி. யோனிக் சீலி 2004-இல் சிநெட் நிறுவனத்திற்காக இதை உருவாக்கினார். 2006-இல் இது அப்பாச்சி அறக்கட்டளையின் கைக்கு வந்தது. இதன் அடித்தளம் லூசீன் என்னும் சுட்டி நூலகம். நூலின் இறுதியில் வரும் சொல்லடைவைப் போன்றதொன்றை லூசீன் உருவாக்கி வைத்திருக்கும். சோலர் அதனிடம் வினவி விடையைப் பெறும். அவ்விடை வெறும் தரவாகவே இருக்கும். அதைப் படிக்கத்தக்க பக்கமாக்கும் பணி வெலாசிட்டி என்னும் வார்ப்புருப் பொறியினுடையது. இவ்விரண்டையும் சோலருக்குள்ளேயே இணைத்த பகுதிக்கு ‘வெலாசிட்டி ரெஸ்பான்ஸ் ரைட்டர்’ என்று பெயர். மறுமொழி எழுதி எனலாம்.

இதன் உள்ளமைவு மூன்று இடங்களில் நிகழ்கிறது. சோலரின் முதன்மை உள்ளமைவுக் கோப்பில் வெலாசிட்டி நூலகங்கள் இருக்கும் இடத்தை முதலில் சுட்ட வேண்டும். அடுத்து, அதே கோப்பில் மறுமொழி எழுதியைப் பெயரிட்டு அறிவிக்க வேண்டும். பின்னர் ‘பிரவுஸ்’ என்னும் வேண்டுகோள் கையாளியில், விடையை வெலாசிட்டி வழியே தருக, இன்ன வார்ப்புருவைப் பயன்படுத்துக, இன்ன பக்கச் சட்டகத்துள் இடுக என மூன்று இயல்பு மதிப்புகளைக் குறிக்க வேண்டும். வார்ப்புருக் கோப்புகள் உள்ளமைவு அடைவினுள் ‘வெலாசிட்டி’ என்னும் உள்ளடைவில் இருக்கும். இவ்வளவும் ஒரு பிற்பகல் வேலை. ஆய்வாளரின் கவனத்தைக் கோருவன இதன் பின்னரே வருகின்றன.

வரி முறியும் இடம்

கல்லில் எழுதியோர் சொல்லெல்லை பார்த்து வரியை முடிக்கவில்லை. ‘வா’ ஒரு வரியின் ஈற்றிலும் ‘கூர்’ அடுத்த வரியின் முதலிலும் நிற்கலாம். அச்சுப்பதிப்புகள் இவ்விடத்தில் சிறுகோடு இட்டு அடுத்த வரியின் எண்ணைக் குறிப்பதுண்டு. அப்பாடத்தை உள்ளவாறே ஏற்றினால் தேடுபொறிக்கு அது இரு துண்டுகளாகவே தெரியும். இக்கட்டுரையாளரும் முதலில் அவ்வாறே ஏற்றினார். ஒரு வரிச்சொல் குறிப்பிட்டதொரு கோயிற் கல்வெட்டுகளில் பயிலவில்லை என இயல் ஒன்றில் எழுதவும் செய்தார். அச்சுப்பதிப்பை மீண்டும் புரட்டியபோது அச்சொல் வரியிறுதியில் முறிந்து கிடந்தது. பிழை முற்றிலும் அவருடையதே.

இதற்குச் சோலரில் வழி உண்டு. சொற்களாகப் பிரிக்கும் முன்னரே எழுத்துச் சரத்தைத் திருத்தும் வடிகட்டி ஒன்றை அமைத்து, ‘சிறுகோடும் வரியெண்ணும்’ சேர்ந்து வருமிடத்தில் இரண்டையும் நீக்கச் செய்யலாம். சிறுகோடின்றி வரியெண் மட்டும் வருமிடத்தில் இடைவெளி இடச் செய்யலாம். சேமித்த பாடம் மாறாது, சுட்டி மட்டுமே மாறும். எழுத்துகளின் பழைய இடக்கணக்கை வடிகட்டி நினைவில் வைத்திருப்பதால், மிகைப்படுத்திக் காட்டும்போது ‘வா’ முதல் ‘கூர்’ வரை, இடையிலுள்ள வரியெண்ணையும் உட்படுத்தி ஒளிரும். அவ்வரியெண்ணைச் சிறிய மேலெழுத்தாக மாற்றிக் காட்டும் பணியை வார்ப்புருவிடம் ஒப்படைக்கலாம். படிப்பவருக்குச் சொல்லும் கிடைக்கும். கல்லில் அது எங்கு முறிந்தது என்பதும் கிடைக்கும்.

மிகைப்படுத்தலும் துணுக்கும்

கண்டறிந்த சொல்லைச் சோலர் இயல்பாக அழுத்தக் குறிக்குள் இடும். உலாவி அதைச் சாய்வெழுத்தாகக் காட்டும். தமிழெழுத்து சாய்வில் அழகாக இராது என்பது ஒருபுறமிருக்க, கல்வெட்டுப் பதிப்புகளில் கிரந்த எழுத்துகளைத் தனி அச்சுருவில் காட்டும் மரபு ஒன்று உள்ளது. தேடற்சொல்லையும் எழுத்துரு வேறுபாட்டாலேயே காட்டினால், ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்பதற்கும் தேடப்பட்ட தமிழ்ச்சொல்லுக்கும் வேறுபாடு தெரியாமற் போகும். பின்னணி வண்ணத்தால் மட்டும் காட்டுமாறு குறியை மாற்றுவது நலம்.

துணுக்கின் அளவு இயல்பாக நூறு குறியங்கள். தமிழ் எழுத்துக் கணக்கில் நூறு என்று இதைக் கொள்ளலாகாது. ‘செப்பேடு’ நமக்கு நான்கெழுத்து. ஒருங்குறியில் எட்டுக் குறியங்கள். ‘கல்வெட்டு’ ஐந்தெழுத்து, அங்கு ஒன்பது. எனவே நூறு என்பது நடைமுறையில் ஒன்றிரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும். கொடை கொடுத்தவர் பெயர் கிடைத்தால் கொடைப்பொருள் கிடைக்காது. சிறு கல்வெட்டுகளாயின் இவ்வளவைச் சுழியம் என்று அமைப்பதே தகும். அப்போது முழுப்பாடமும் வரும்.

சதுர அடைப்பும் கோண அடைப்பும் நிறைந்த பாடங்களில் மற்றொரு சிக்கல் எழும். கோண அடைப்பை உலாவி தன் கட்டளையாகக் கருதி விழுங்கிவிடும். வார்ப்புருவில் அனைத்தையும் காப்புச் செய்தால் மிகைப்படுத்தற் குறியும் வெற்றெழுத்தாகத் திரையில் அச்சாகும். பாடத்தை மட்டும் காப்புச் செய்து குறியை விட்டுவைக்கும் குறியாக்க அமைவு சோலரின் மிகைப்படுத்தியிலேயே உண்டு. அதைப் பயன்படுத்துவதே முறை.

இல்லாமையை அச்சிடுதல்

வெலாசிட்டியில் ஒரு புலத்தின் பெயரை டாலர் குறியுடன் எழுதினால் அதன் மதிப்பு அவ்விடத்தில் வரும். மதிப்பு இல்லையெனில் அப்பெயரே டாலர் குறியுடன் திரையில் வந்து நிற்கும். இது கண்ணை உறுத்துவதால், வார்ப்புரு எழுதுவோர் டாலரை அடுத்து ஒரு வியப்புக்குறி இட்டு ‘அமைதி வடிவத்தை’ ஆள்வர். மதிப்பில்லாத இடம் வெறுமையாகிவிடும். வணிகத் தளத்திற்கு இது நல்ல தீர்வு. கல்வெட்டியலுக்கு இது இடர்.

ஆட்சியாண்டுப் புலம் வெறுமையாக இருந்தால் அதற்கு மூன்று பொருள்கள் உண்டு: கல் சிதைந்து ஆண்டு மறைந்திருக்கலாம், ஆண்டு தொடக்கத்திலேயே பொறிக்கப்படாதிருக்கலாம், உள்ளிட்டவர் அதை விட்டிருக்கலாம். அச்சில் பதிப்பாசிரியர் புள்ளியிட்டும் அடைப்பிட்டும் முதலிரண்டையும் வேறுபடுத்துவார். அமைதி வடிவம் மூன்றையும் ஒரே வெள்ளையாக்கிவிடுகிறது. ஆட்சியாண்டுக்கு அருகில் ‘ஆண்டின் நிலை’ என்றொரு புலத்தை வைத்து, வார்ப்புருவில் நிபந்தனைத் தொடரால் ‘சிதைவு’, ‘பொறிக்கப்படவில்லை’, ‘உள்ளிடப்படவில்லை’ என்று அச்சிடச் செய்வதே பொருந்தும்.

‘பாகூர்’ வினாவும் இத்தகையதே. ஒருபொருட் சொல்வடிகட்டியில் பாகூரையும் வாகூரையும் இணைத்துவிட்டால் விடை கிடைக்கும். ஆனால் எதை இணைத்தோம் என்பதை வார்ப்புரு சொல்லாவிடின், ‘பாகூர்’ என்ற வடிவமே செப்பேட்டில் உள்ளது என்று பிறிதொருவர் மேற்கோள் காட்டக்கூடும். ஆதலால் விடைகளின் தலைப்பில் ‘வாகூர் என்னும் வடிவமும் சேர்த்துத் தேடப்பட்டது’ என்ற தொடர் வர வேண்டும்.

பாதுகாப்பும் இடமாற்றமும்

வெலாசிட்டி வார்ப்புரு ஜாவாவின் செயல்களை அழைக்க வல்லது. ஆகவே அது வெறும் படிவமன்று, நிரல். வார்ப்புருவையே வேண்டுகோளின் வழியாக அனுப்பும் வசதி சோலரில் இருந்தது. இயல்பாக மூடியிருந்த அவ்வசதியை வெளியிலிருந்து திறந்து, சேவையகத்தில் விரும்பிய கட்டளையை இயக்க முடியும் என்பது 2019-இல் வெளிப்பட்டது. 5.0 முதல் 8.3.1 வரையிலான பதிப்புகள் இதற்கு உட்பட்டவை. 8.4-இல் அவ்வசதி நீக்கப்பட்டது. 2022-இல் வந்த 9.0-இல் மறுமொழி எழுதியே நீக்கப்பட்டது. துறைகளில் ஒருமுறை நிறுவிய மென்பொருளைப் பல்லாண்டு தொடாமல் வைத்திருக்கும் வழக்கம் நமக்கு உண்டாதலால், பழைய பதிப்பை இணையத்திற்குத் திறந்துவைத்திருப்போர் இதனை உடனே நோக்க வேண்டும்.

இனி வார்ப்புருப் பொறி தேடுபொறிக்கு வெளியே, தனியானதொரு ஜாவா செயலியில் இருக்க வேண்டியதாகிறது. வெலாசிட்டியையே அங்கு அமைப்போர் எழுத்துக் குறியாக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பது நல்லது, 1.7 பதிப்பின் இயல்புக் குறியாக்கம் இலத்தீன் எழுத்துக்குரியது, வார்ப்புருவிலுள்ள தமிழ்த் தலைப்புகள் சிதைந்து வரும். 2.0 முதல்தான் யூடிஎஃப்-8 இயல்பாயிற்று.

இக்கட்டுரையாளர் ஃப்ரீமார்க்கர் என்னும் பொறிக்கு மாறினார். அப்பொறி மதிப்பில்லாத புலத்தைக் கண்டால் வெலாசிட்டியைப் போல் பெயரை அச்சிட்டுக் கடந்து செல்வதில்லை. இல்லாதபோது என்ன எழுதுவது என்று வார்ப்புருவில் கூறப்பட்டிருந்தாலன்றிப் பிழை காட்டி நின்றுவிடும். ஆண்டு உள்ளிடப்படாத முதற் கல்வெட்டிலேயே பக்கம் நின்றது. வெலாசிட்டியில் பல திங்களாக வெள்ளையாகக் கடந்துபோன இடம் அது. மாற்றுச்சொல் ஒன்றைப் பொதுவாக இட்டு அதைக் கடக்க ஒரு வரி போதும். அவ்வாறு செய்யாமல், நின்ற ஒவ்வோரிடத்திற்கும் அச்சுப்பதிப்பை எடுத்து, அங்குள்ளது புள்ளியா வெற்றிடமா என்று பார்த்து நிலைப்புலத்தை நிரப்பும் பணி இப்போது நடந்து வருகிறது.