இன்ஜினை மாற்றினால் கணக்குத் தேறுமா?

திருப்பூரில் ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன் அதன் துணி பல வண்டி ஏறி இறங்கிவிடும். நிட்டிங்கில் ஓட்டிய ரோல் சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பேக்டிங், பிறகு கட்டிங், தையலுக்குப் பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலையும் ஒவ்வோர் இடத்தில் ஜாப் ஒர்க்காக நடக்கிறது. இந்த ஓட்டத்தைச் சுமப்பவை பழைய ஆம்னி வேன்களும் குட்டி லோடு வண்டிகளும்தான். ஆம்னி உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. இருப்பதை வைத்துத்தான் ஓட்டியாக வேண்டும். மாதக் கடைசியில் பெட்ரோல் செலவைக் கூட்டிப் பார்க்கும் வேன்காரருக்கு ஒரு கேள்வி எழுவது நியாயம்: “பாடி நல்லாத்தானுங்க இருக்குது, இன்ஜினை மட்டும் டீசலுக்கு மாத்திட்டா என்ன?”

ஒரு காலத்தில் இதைப் பலர் செய்தார்கள். பெட்ரோல் அம்பாசடரில் மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினைப் பொருத்தி டாக்ஸிக்கு விட்டார்கள். அப்போது விலை வித்தியாசமே எல்லாச் சிரமத்தையும் ஈடுகட்டியது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது. டீசலுக்கு மானியம் தொடர்ந்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தொட்டபோது டீசல் 41 ரூபாய்தான். 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. 2024 மார்ச்சில் இரண்டும் 2 ரூபாய் குறைந்த பிறகு, தமிழ்நாட்டில் பெட்ரோல் லிட்டர் சுமார் 101 ரூபாய், டீசல் சுமார் 93 ரூபாயாக இருந்தது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேன் நாளைக்கு 60 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள் ஓடுகிறது. பெட்ரோலில் லிட்டருக்கு 14, டீசலில் 18 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2012 டெல்லி விலையில் பெட்ரோலுக்கு ஆண்டுக்கு 94,000 ரூபாய் ஆகியிருக்கும், டீசலுக்கு 41,000. செலவில் பாதிக்கு மேல் மிச்சம். அந்த 2024 விலையில் பெட்ரோலுக்கு 1,30,000, டீசலுக்கு 93,000. கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலாக, 37,000 ரூபாய்தான் மிச்சமாகிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தில் முடிந்தால்கூட போட்ட காசை எடுக்க நான்கு ஆண்டு ஆகும். ஏற்கெனவே தேய்ந்த வண்டி அதுவரை தாங்க வேண்டும்.

சரி, பெட்ரோல் இன்ஜினையே டீசல் குடிக்க வைக்க முடியாதா? முடியாது. பெட்ரோல் இன்ஜின் காற்றையும் எரிபொருளையும் கலந்து, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக அழுத்தி, ஸ்பார்க் பிளக்கால் பற்றவைக்கிறது. டீசல் இன்ஜினில் பிளக் தீப்பொறி கிடையாது. வெறும் காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அழுத்துகிறது. அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் பெட்ரோல் இன்ஜினைவிட மிக அதிகம். பிளாக், பிஸ்டன், கிராங்க், ஹெட் போல்ட் எல்லாமே அதைத் தாங்கும் கனத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அதன் ஓல்ட்ஸ்மொபில் பிரிவு 1978-இல் 5.7 லிட்டர் வி8 டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தது. பிளாக்கைப் பலப்படுத்தினார்கள், ஆனால் ஹெட் போல்ட் அமைப்பைப் பெட்ரோல் இன்ஜினில் இருந்ததுபோலவே விட்டுவிட்டார்கள். போல்ட்டுகள் இழுபட்டன, கேஸ்கெட் போனது, வாடிக்கையாளர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1985-இல் அந்த இன்ஜின் நின்றது. அத்தனை பொறியாளர்களை வைத்திருந்த நிறுவனத்துக்கே இந்தக் கதி.

ஆகவே முழு இன்ஜினையும்தான் தூக்கி மாற்ற வேண்டும். அங்கே வரும் சிக்கல்களில் உயிருக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று பிரேக். பூஸ்டர் உள்ள ஒரு பெட்ரோல் வண்டியை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள். பெடல் கல்லாக இறுகிவிடும். ஓடும்போது பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பூஸ்டர் அதை வைத்துத்தான் காலுக்கு உதவுகிறது. டீசல் இன்ஜின் காற்றைத் தடையின்றி இழுப்பதால் அந்த வெற்றிடம் கிடைக்காது. அதற்காகவே டீசல் வண்டிகளில் தனியாக வாக்யூம் பம்ப் இருக்கும். பல பழைய வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பொருத்தாமல் விட்டால், முழு லோடுடன் இறக்கத்தில் வரும் வண்டிக்கு என்ன ஆகும் என்று நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது. கூடுதல் எடைக்கு முன்பக்க ஸ்பிரிங், கூடுதல் இழுவிசைக்கு கிளட்ச், கியர் விகிதம் என்று மற்றவையும் வரிசையாக வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. மாநில விதியைக் காட்டி உயர் நீதிமன்றம் தந்திருந்த சலுகையையும் ரத்து செய்தது. அதே பிரிவில் எரிபொருள் மாற்றத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஒப்புதல் பெற்ற கிட்டைக் கொண்டு, விதித்த நிபந்தனைப்படிதான் செய்ய வேண்டும். அந்த விதிகள் இன்று சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சாரம் பக்கமே திறந்திருக்கின்றன. 2022-இல் வந்த திருத்தம், 3.5 டன்னுக்குக் குறைவான பி.எஸ். 6 வண்டிகளில் டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு எரிவாயு இன்ஜின் வைக்கவும் இடம் தந்தது. அரசு எந்தத் திசையில் போகச் சொல்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எஃப்.சி.க்கு நிற்கும்போது சிக்குவது ஒரு பக்கம். விபத்து நடந்தால் வண்டிக்கான இன்சூரன்ஸ் தொகையை நிறுவனம் மறுக்கலாம் என்பது அதைவிடப் பெரிய இடி.

புகையையும் பேச வேண்டும். இப்படிப் பொருத்தப்படுவது பெரும்பாலும் பழைய இன்ஜின். கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி அதில் இருக்காது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் அறிவித்தது. பவர் டேபிள் சந்துகளில் வாசலை ஒட்டி வண்டியை நிறுத்தி லோடு ஏற்றுகிறோம். உள்ளே தைக்கும் பெண்கள் நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். மாசை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். சாயக்கழிவை நொய்யல் ஆற்றில் விட்டதற்காக 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வடிகட்டியோடு வரும் புதிய டீசல் வண்டியும் நம் ஓட்டத்துக்கு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடினால்தான் அது எளிதாகக் கிடைக்கும். மங்கலம் ரோட்டில் ரெண்டு கிலோமீட்டர் ஊர்ந்து, அணைத்து, மறுபடி கிளப்பும் வண்டியில் கரி அடைத்துக்கொண்டே போகும். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், அதுவும் துண்டு துண்டாக ஓடுகிற வேலைக்கு மின்சார லோடு வண்டி பொருந்தும் அளவுக்கு டீசல் பொருந்தாது. பெட்ரோல் வேனையே வைத்திருக்க நினைப்பவர்கள் ஒப்புதல் பெற்ற எரிவாயு கிட்டைப் பொருத்தி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். வீட்டு சிலிண்டரைச் சீட்டுக்கடியில் செருகுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அது சட்டவிரோதம், தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் கருகிப்போவார்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு பானெட்டையோ சீட்டையோ தூக்கி, இன்ஜின் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். “அதெல்லாம் பேர் மாத்தும்போது சரி பண்ணிக்கலாங்க” என்று புரோக்கர் சொன்னால், அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.