குறி மயக்கமும் வெறியாட்டும்: களவுக் காதலில் அணங்கு

திருப்பூர் மாவட்டம் காங்கேயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில் ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ என்னும் கண்ணாடிப் பெட்டி உள்ளது. அடியவர் ஒருவரின் கனவில் முருகன் தோன்றி ஒரு பொருளைச் சுட்டியதாகத் தெரிவிக்கப்பட்டால், சந்நிதியில் பூப்போட்டு உத்தரவு கேட்ட பின்னரே அப்பொருள் அதில் வைக்கப்படுகிறது. ஒரு குறியை மற்றொரு குறியால் சரிபார்க்கும் முறை இது. சங்க அகப்பாடல்களில் அதே முருகன் பெயரால் நிகழும் வெறியாட்டில் இத்தகைய சரிபார்ப்பு இல்லை. நோயின் காரணம் நெல்லிடமும் கழங்கிடமும் கேட்கப்படுகிறது. நோயுற்றவளிடம் மட்டும் கேட்கப்படுவதில்லை.

களவில் ஈடுபடுவோர் மிக இளையர். இறையனார் களவியல் உரை தலைவனுக்கு 16, தலைவிக்கு 12 என வயது வகுக்கிறது. இவர்களின் சந்திப்பு முழுவதும் குறியை நம்பியது. இரவுக்குறியில் தலைவன் புள்ளினத்தை எழுப்பியோ நீரில் காய் எறிந்தோ தன் வருகையை உணர்த்துவான். காற்றில் உதிர்ந்த காய் நீரில் விழினும் எழுவது அதே ஓசைதான். அதனைக் கேட்டு வந்த தலைவி அவனைக் காணாது மீள்கிறாள். பின்னர் அவன் உண்மையாகவே குறிசெய்யும்போது, அதுவும் இயற்கையின் ஓசையே எனக் கருதி வெளிவராதிருக்கிறாள். தொல்காப்பியக் களவியல் இதனை அல்லகுறிப்படுதல் என்னும். இருவர்மீதும் பிழையில்லை, இருவரும் மற்றவர் வரவில்லை என்றே வருந்துகின்றனர்.

இரண்டாம் மயக்கம் வீட்டினுள் நிகழ்கிறது. மகளின் பசலையையும் நெகிழ்ந்த வளையையும் கண்ட தாய், கட்டுவிச்சியையும் வேலனையும் அழைக்கிறாள். கிடைக்கும் விடை முருகணங்கு என்பது. அணங்கு என்னும் சொல் வருத்தும் தெய்வத்தையும் அது தரும் வருத்தத்தையும் ஒருங்கே குறிப்பது. காமநோயும் தெய்வநோயும் உடலில் காட்டும் மெய்ப்பாடுகளும் ஒன்றே. எனவே தாயின் முடிவைப் பேதைமை என்று தள்ளுதல் பொருந்தாது. அவள் கண்டவை யாவும் மெய். காரணம் மட்டுமே பிழை.

இப்பிழையின் நகைமுரணை மிகக் கூர்மையாக ஆண்டவர், வெறி பாடியதால் பெயர்பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியார். அகநானூறு 22இல் முதுபெண்டிரின் சொற்கேட்டுக் களம் அமைத்து, பலியிட்டு, குருதி கலந்த தினை தூவி முருகன் அழைக்கப்படுகிறான். அதே நள்ளிரவில் காவலரை மறைந்து தலைவன் வருகிறான். உடல் பூரிக்க அவனைத் தழுவிய தலைவி, வீணே வருந்தி ஆடும் வேலனைக் கண்டு நகைத்ததைக் கூறுகிறாள். மருந்து வேறு வழியாக வந்தது. புகழோ வெறிக்களத்திற்குச் சென்றிருக்கும்.

நற்றிணை 34 இன்னும் ஒருபடி மேலே சென்று, இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் வேலன் வேண்ட வந்துவிட்ட முருகனையே அறியாமை உடையவன் எனப் பழிக்கிறது. குறுந்தொகை 362 வேலனை நோக்கி, மறியைக் கொன்று இடும் இப்பலியை மலைநாடனின் மார்பும் உண்ணுமோ என வினவுகிறது. கடவுளிடமும் வேலனிடமும் கேட்பதுபோல் அமைந்த இக்கூற்றுகள் உண்மையில் தாயின் செவிக்குரியவை. நேரே சொல்ல இயலாத காதலைத் தோழி அறத்தொடு நின்று வெளியிட, தாயின் பிழையான வாசிப்பே வாயிலாகிறது.

அண்மைக்கால வழக்காற்றில் இவ்வமைப்பு தலைகீழாகிறது. தென்னார்க்காட்டுப் பகுதியில் ஆய்ந்து 2000இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், இளம்பெண்களைப் பற்றுவனவாகக் கூறப்படும் பேய்கள் பெரும்பாலும் காதல் நிறைவேறாது உயிர்நீத்த ஆடவருடையவை எனக் காட்டுகிறார். அங்கு அணங்கு காதலை மறைத்தது; இங்குக் காதலனே பேயாகி ஓட்டப்படுகிறான். பெண்ணின் உச்சிமயிரைக் கத்தரித்து மரத்தில் ஆணியறையும் சடங்கில் அவனுடன் அவளுக்குள்ள தொடர்பு அறுக்கப்படுகிறது. தோழிக்கு அச்சடங்கில் இடமில்லை.

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கு நூல் வழங்கும் ஆலைகளில், சுமங்கலித் திட்டம் என்னும் பெயரில் ஏறத்தாழ மூன்றாண்டு உழைப்பின் முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தருவதாகக் கூறி வளரிளம் பெண்கள் பணியமர்த்தப்பட்டனர். பலர் பிற மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கினர். வெளியே செல்லவும் கைப்பேசி பயன்படுத்தவும் பல இடங்களில் கட்டுப்பாடு இருந்தது. சங்கத் தாய் மகளின் மெலிவைப் பிழையாகவேனும் வாசித்தாள். இவ்விற்செறிப்பில் தாய் உடனில்லை. இத்தகைய இடங்களின் பேய்பிடி வழக்காறுகளைத் தொகுப்போர், சடங்கின் விவரங்களோடு, நோயுற்றவளிடம் முதலில் பேசியவர் யார், அவளது விடை யாது என்பவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும்.