யார் கணக்கில் பல்லாவரம் மலை?

திரிசூலம் ரயில் நிலையத்தில் பெட்டி படுக்கையோடு இறங்குகிறவர்கள் விமான நிலையத்தின் பக்கம்தான் திரும்புகிறார்கள். எதிர்ப்பக்கம் நிற்கும் மலையை யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தினாலும் பாதி வெட்டுண்ட கல்மேடாகவே அது கண்ணில் படும். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், பம்மல், திருநீர்மலை, தாம்பரத்துப் பச்சைமலை என்று விட்டுவிட்டுத் தெரியும் இந்தக் குன்றுகளை மலை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். பரங்கிமலையின் உயரமே சுமார் 300 அடிதான். ஆனால் நிலவியல், தொல்லியல், சமயம், நில அளவை என்று எந்தத் துறையை எடுத்தாலும் இவற்றுக்கு அதில் ஓர் இடம் உண்டு. அந்தப் பெருமையே இவற்றுக்கு வினையாகவும் முடிந்திருக்கிறது. பாறையின் ஒரு துண்டு நிலவியல் துறையின் கணக்கில், ஈமக்காடு தொல்லியல் துறையின் கணக்கில், கோயில் அறநிலையத் துறையின் கணக்கில், புதர்க்காடு வனத்துறையின் கணக்கில். மலை மட்டும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்கு. பண்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காக்கும் இந்த முறையால்தான் மலை போயிற்று என்பதும், மலை, அடிவாரம், ஏரி மூன்றையும் ஒரே நிலமாகக் கொண்டால்தான் மிச்சமாவது நிற்கும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

கல்லிலிருந்தே தொடங்கலாம். கல்கத்தா நகரத்தோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னக் என்ற கம்பெனி அதிகாரி 1690களின் தொடக்கத்தில் இறந்தபோது, அவர் சமாதிக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் போனது. இருநூறு ஆண்டு கழித்து தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தச் சமாதிக் கல்லும் பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் ஒன்றே என்று கண்டு, அதற்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். 1900இல் அவர் எழுதிய விரிவான ஆய்வுக்குப் பிறகு நீலகிரியிலும் இலங்கையிலும் நார்வேயிலும் அண்டார்டிகாவிலும் கிடைக்கும் இந்த வகைப் பாறைக்கெல்லாம் பல்லாவரம்தான் மூல இடமாக நிற்கிறது. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். வெயிலும் மழையும் பட்ட மேற்பரப்பு வெறும் பழுப்பு; பார்த்தால் எந்த மதிப்பும் தோன்றாது. புதிதாக உடைத்த முகத்தில்தான் எண்ணெய் பூசியது போன்ற கருஞ்சாம்பல் நிறமும், அதனுள் மங்கலான நீலச் சாயல் கொண்ட படிகக்கல் மணிகளும் தெரியும். இதற்கு மரியாதை செய்ய இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பரங்கிமலையில் ஒரு தேசிய நிலவியல் சின்னத்தை அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் சின்னமாக நின்ற பாறை ஒரு சிறு துண்டுதான். அதே கல்லாலான பக்கத்து மலைகளோ அதே காலத்தில் முக்கால் இஞ்ச் ஜல்லியாகவும் ஒன்றரை இஞ்ச் ஜல்லியாகவும் லாரி ஏறின.

அடுத்தது எல்லோரும் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டு மறக்கும் செய்தி. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்துப் படைத் திடலை ஒட்டிய சரளைக் குழியில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. ஆதி மனிதனின் கல்லாயுதங்களை ஐரோப்பிய அறிஞர் உலகம் ஒப்புக்கொண்டே அப்போது நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஃபூட் அந்தச் சர்ச்சையைக் கூர்ந்து கவனித்துவந்தவர். (தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவல் பாதிரியாரின் மருமகன் என்பதால் நமக்குக் கொஞ்சம் உறவும்கூட.) நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28 அன்று, சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு சேர்ந்து கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தைக் கண்டார். அங்கே பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் செய்த ஆய்வு அந்த இடத்தின் பழமையைச் சுமார் 15 லட்சம் ஆண்டுக்குக் கொண்டுபோனது. ஃபூட் சேகரித்தவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தன. கருவி எழும்பூரில் பத்திரமாக இருக்கலாம். அது கிடந்த சரளைப் படுகை எந்தெந்தத் தெருவின் அடியில் இருக்கிறது என்று பல்லாவரத்தில் காட்ட ஒரு பலகைக்குக்கூட இன்று வழியில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சரளைக்காகக் குழி தோண்டியதால்தானே அந்தக் கோடரியே வெளியே வந்தது? வெட்டாமல் விட்டிருந்தால் ஃபூட்டுக்கு என்ன கிடைத்திருக்கும்? உண்மைதான். ஆனால் அது மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு ஆட்கள் தோண்டிய குழி. மண்ணின் அடுக்கு கலையாமல், எந்தப் படிவில் எது கிடந்தது என்று பார்க்க முடிந்த குழி. வெடிவைத்துப் பிளந்து கிரஷரில் கொட்டும் குவாரி எதையும் வெளிக்கொணர்வதில்லை, மேலே படிந்த மண்ணைக் கழிவு என்று வழித்துத் தள்ளிவிட்டுத்தான் பாறைக்கே போகிறது. மனிதத் தடயம் முழுவதும் இருப்பது அந்தக் கழிவில்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலைப்பாறை சார்னகைட், அந்தக் காலத்துச் சென்னைக் கருவிகள் குவார்ட்சைட் என்னும் வேறு கல். மலையையும் கருவியையும் தனித்தனியாக வைத்தால் இந்தக் கேள்வியே பிறக்காது: இவ்வளவு கடினமான பாறை கையெட்டும் தூரத்தில் இருந்தும், அந்த மனிதர்கள் ஏன் வேறு கல்லைத் தேர்ந்தார்கள், அது இங்கே எப்படி வந்தது? பதில் சரளையிலும் பழைய நீரோட்டத்திலும் இருக்கிறது, அதாவது நிலத்தின் அமைப்பில்.

கல்லாயுதக்காரர்களுக்குப் பல்லாயிரம் தலைமுறைக்குப் பிறகு வந்த பெருங்கற்காலத்தவர் இந்தச் சரிவுகளையே இடுகாடாகக் கொண்டார்கள். ஆதிச்சநல்லூரைத் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, அதற்கு முன்பே 1880களின் பிற்பகுதியில் பல்லாவரத்தில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையை எடுத்தார். பிறகு பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வருகிறான். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐந்து கருவறைகளோடு ஒரு குடைவரை. கீழும் மேலும் சதுரம், நடுவே எட்டுப் பட்டை என்று அவன் காலத்துக்கே உரிய தூண்கள். அவற்றின் மேல் அவனுடைய பட்டப்பெயர்கள். இன்று அது முஸ்லிம்களின் தர்கா. இதைச் சொல்லும்போதே சிலர் முகம் சுளிப்பதுண்டு. வழிபாடு நடந்ததால்தான் அந்தக் குடைவரை இருக்கிறது என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். பரங்கிமலையில் மாதா கோயிலும் பாரசீக எழுத்துப் பொறித்த சிலுவையும், திருநீர்மலையில் ரங்கநாதரும் இருந்தார்கள். வெடி அங்கே அண்டவில்லை. சாமி இல்லாத சரிவுகள் ஜல்லியாயின. ஆனால் இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு என்பதற்குத் திரிசூலமே சாட்சி. சோழர் காலக் கல்வெட்டுகளுள்ள திரிசூலநாதர் கோயில் கட்டுக்குலையாமல் இருக்கிறது; கோயிலைச் சுற்றி நின்ற மலைகள் வெட்டப்பட்டன. நான்கு பக்கமும் மலை சூழ்ந்த தலம் என்று தலபுராணம் பாடுகிற இடத்தில் கோயிலை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தத் தலத்தில் எவ்வளவு மிச்சம்?

பரங்கிமலைப் பக்கம் 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கியதையும் சேர்த்துக்கொள்ளலாம். எவரெஸ்டின் உயரம்வரை போன மாபெரும் முக்கோண அளவை அங்கேதான் வேர்விட்டது. அளவைக்காரருக்குத் தேவைப்பட்டது தட்டையான சமவெளியும், அதன் ஓரத்தில் தூரத்துப் பார்வைக்கு ஒரு குன்றும். இரண்டும் சேர்ந்து கிடைத்ததால்தான் இந்த இடம்.

நீரைப் பற்றிப் பேசாமல் இந்த மலைகளைப் பற்றிப் பேசவே முடியாது. திருமங்கையாழ்வார் திருநீர்மலைக்கு வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். ஆறு மாதம் காத்திருந்து சேவித்தாராம். கதையைக் கதையாகவே வைத்துக்கொண்டாலும், அந்தக் குன்றுக்கும் ஏரிக்கும் உள்ள உறவை ஊரார் எவ்வளவு காலமாக அறிந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். மொட்டைப் பாறையில் விழும் மழை எங்கும் தங்காமல் அடிவாரத்துக்கு ஓடிவரும். அதைப் பிடிக்கத்தான் இந்தப் பக்கம் குன்றுக்குக் குன்று ஏரி வெட்டி வைத்தார்கள். இன்று ஏரியைத் தூர்வாரப் பணம் ஒதுக்குகிறோம், அதற்கு நீர் தந்த சரிவு வேறொரு துறையின் பொறுப்பு என்று இருந்துவிடுகிறோம். குவாரிக் குழிகளும் இப்போது நீர்நிலைகள்தாம். 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் கல்குழிகளின் நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். தாம்பரம் வேளச்சேரி சாலையோரம் நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிட்ட குவாரியின் செங்குத்துச் சுவரில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. பறவை பார்ப்பவர்கள் அதைத் தேடியே வருகிறார்கள்.

இதையே எதிர்வாதமாக்குவோரும் உண்டு. பார்த்தீர்களா, வெட்டிய குழிதானே ஊருக்குத் தண்ணீரும் ஆந்தைக்கு வீடும் தந்தது என்பார்கள். நகரத்துக்குக் கல் வேண்டாமா, நீங்கள் குடியிருக்கும் வீட்டுக் கூரையில் எந்த மலையின் ஜல்லி என்றும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தென்சென்னையின் கணிசமான கட்டடங்கள் இந்தக் குன்றுகளின் மறுவடிவம் என்பதை மறைத்துப் பயனில்லை, அதற்காக யாரும் வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் கட்டுமானக் கல்லை வேறு இடத்திலிருந்து கொண்டுவர முடியும், இப்போது அப்படித்தான் வருகிறது, எம்-சாண்ட் உட்பட. மகேந்திரன் குடைந்த மலையும் ஃபூட் நின்ற சரளையும் மாற்றுக் கொள்முதலுக்கு உட்பட்டவை அல்ல. ஆந்தையும் குழிநீரும் சொல்வது, வெட்டியது சரி என்பதை அல்ல. வெட்டிய பிறகும் அந்த நிலம் செத்துவிடவில்லை என்பதை. ஆகவே, போனது போகட்டும், இனி என்ன காக்க இருக்கிறது என்ற சலிப்புக்கும் அதுவே விடை.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தின் நடுவே ஆர்தர்ஸ் சீட் என்ற குன்று இருக்கிறது. உயரம் 251 மீட்டர். அதன் ஒரு பக்கத்துப் பாறைச் சுவரான சாலிஸ்பரி கிராக்ஸில் நடந்த கதை நம் கதைதான். அரசப் பூங்காவின் பரம்பரைக் காவலரான ஹாடிங்டன் பிரபுவே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாறையைத் தெருவுக்குக் கல்பாவ வெட்டி விற்றுக்கொண்டிருந்தார். நவீன நிலவியலின் தந்தை என்று போற்றப்படும் ஜேம்ஸ் ஹட்டன் தம் கொள்கைக்குச் சான்று கண்ட பாறை அது. எதிர்ப்பு எழுந்து வழக்கானது; 1831இல் பிரபுக்கள் சபை குவாரியை நிறுத்தித் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, ஹட்டனின் பாறையைச் சுற்றி வேலி போட்டு மற்றதை வெட்டிக்கொள் என்று அங்கே முடிவெடுக்கவில்லை என்பது. குன்று முழுவதும் தப்பியது, நெரிசலான நகரத்தின் மத்தியில். வெட்டிய தழும்பு இன்றும் தெரிகிறது; அதற்காக யாரும் அதைப் பாழ்நிலம் என்று ஒதுக்கவில்லை. ஊருக்குள் மலையைக் காப்பதெல்லாம் நடக்காத காரியம் என்று பேசுவோருக்கு இந்த ஒரு குன்று போதும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு பல்லாவரத்துக்காரர்களுடையது. 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஜமீன் பல்லாவரத்தில் இருபது, முப்பது வருடம் தவணை கட்டி வாங்கிய மனையில் மேல்மாடி எழுப்ப முடியாமல், விற்கவும் ஆள் கிடைக்காமல் இருப்பவர்களிடம் போய்ப் பாரம்பரியம் என்று பேசினால் எரிச்சல்தான் வரும். இன்னொரு பாதுகாப்பு வளையம் வேண்டாம் சாமி என்று அவர்கள் சொன்னால் அதில் தவறே இல்லை. ஆனால் இந்தத் துன்பத்தின் மூலமும் அதே துண்டுக் கணக்குதான். சட்டம் ஒரு புள்ளியை வைத்து வட்டம் போடுகிறது. வட்டத்துக்குள் ஏற்கெனவே வீடு நெருங்கிய தெரு விழுந்தால், அங்கே காக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும் தடை உண்டு. வட்டத்துக்கு 300 மீட்டர் வெளியே, வீடே இல்லாத, மண் கலையாத மலைச்சரிவு இருந்தால் அதைப் பற்றி அந்தச் சட்டத்துக்குக் கவலையில்லை. நிலத்தின் உண்மையான அமைப்பைப் பார்த்து எல்லை வரைந்தால் வீட்டுக்காரருக்கு நெருக்கடி குறையும், மலைக்குக் காவல் கூடும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பது அந்த வட்டம் உண்டாக்கிய தோற்றம்.

இப்படி ஒரு நிலத்தை முழுதாகக் காக்க நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. மதுரைக்கு அருகே அரிட்டாபட்டியில் சமணர் படுக்கை, தமிழி எழுத்து, குடைவரை, ஏரிகள், பறவைகள் எல்லாவற்றையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தைக் கைவிட்டது. அரிட்டாபட்டி கிராமம், பல்லாவரம் நகரம் என்ற வித்தியாசம் உண்டு. ஆனால் நகரத்துக்கு ஒரு வசதியும் உண்டு. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகளும் திருநீர்மலைப் பேரூராட்சியும் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சி என்ற ஒரே குடையின் கீழ் வந்துவிட்டன. 2046 வரைக்கான சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டமும் தயாராகிவருகிறது. பட்டா மனைகளைத் தொடாமல், மலைப் புறம்போக்கு, கைவிட்ட குவாரிக் குழி, அடிவாரத்து ஏரி ஆகியவற்றின் சர்வே எண்களை மட்டும் எடுத்து ஒரே வரைபடத்தில் ஒரே எல்லையாகக் குறிப்பது முதல் வேலை. உள்ளாட்சியைக் கலந்துகொண்டு அப்படி ஒரு தலத்தை அறிவிக்கும் அதிகாரம் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி மாநில அரசுக்கு ஏற்கெனவே இருக்கிறது.